பிடியிலும் வயிற்றிலும் டெலிபோர்ட்: உங்கள் மேசைக்கு எந்தத் தீர்ப்பு?

நான் நடுவராக இருந்து நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தில் மாரிலித் என்ற பேய் ஒன்று வந்தது. ஆறு கைகள், இடுப்புக்குக் கீழே பாம்பு உடல். எங்கள் குழுவின் வாள்வீரரை வாலால் சுற்றி இறுக்கிவிட்டது. அதற்கு 120 அடி தூரம் டெலிபோர்ட் ஆகும், அதாவது இங்கே மறைந்து அங்கே தோன்றும், சக்தியும் உண்டு. "வீரரையும் தூக்கிக்கொண்டு எதிர் மாடத்துக்குப் போய்விட்டது" என்று அறிவித்தேன். அவரை ஆடியவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன வாரம் நான் அந்த மந்திரவாதியைப் பிடித்து வைத்திருந்தேன். அவன் மிஸ்டி ஸ்டெப் என்ற டெலிபோர்ட் மந்திரம் போட்டதும் நானும் கூடவே போகிறேன் என்றேன். முடியாது என்றீர்கள். இன்று மட்டும் எப்படி இரண்டு பேரும் போகிறோம்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்திலேயே தீர்ப்பை மாற்றினேன். மாரிலித் மட்டும் மாடத்துக்குப் போனது, வீரர் நின்ற இடத்திலேயே நின்றார். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் வெவ்வேறு பதிப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சிலவற்றை என் மேசையிலும் ஆடிப் பார்த்தேன். ஆட்டம் நடத்தும் யாருக்கும் ஒருநாள் இந்தச் சிக்கல் வரும். சண்டையின் நடுவில் யோசிப்பதைவிட முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பிடிபட்டவர் மறைந்தால் என்ன ஆகும்? பிடித்திருப்பவர் மறைந்தால்? விழுங்கப்பட்டவர் வயிற்றுக்குள்ளிருந்து போகப் பார்த்தால்? விழுங்கிய விலங்கே மறைந்தால், உள்ளே இருப்பவர் கதி என்ன? நான்குக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பிடிபட்டவர் மறைந்தால்

இங்கே மூன்று வழிகள் உண்டு. தடையில்லாமல் போக விடலாம். மந்திரத்தைச் சொல்லி முடிக்கவே ஒரு சோதனை வைக்கலாம். அல்லது பிடித்திருப்பவரும் கூடவே இழுபட்டுப் போகிறார் எனலாம்.

முதல் வழியைத்தான் 2008இல் வந்த நான்காம் பதிப்பு வெளிப்படையாகச் சொன்னது: அசைய முடியாத நிலை டெலிபோர்ட்டைத் தடுக்காது, ஒரு உயிரினம் பிடித்திருப்பதால் வந்த நிலை என்றால் டெலிபோர்ட் ஆனதுமே அது நீங்கிவிடும். 2014இன் ஐந்தாம் பதிப்பும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருகிறது, ஆனால் சுற்றி வருகிறது. பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம், அவ்வளவுதான். மந்திரம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஏதாவது ஒரு விளைவு அவரைப் பிடித்தவரின் எட்டும் தூரத்துக்கு வெளியே கொண்டுபோனால் பிடி முடிகிறது.

அந்த 'எட்டும் தூரம்' என்ற சொல்லில்தான் ஒரு முள் இருக்கிறது. ரோப்பர் என்ற குகை விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை போல நிற்கும், நீண்ட இழைகளை வீசிப் பிடிக்கும். 2014 விதிப்படி அந்த இழைகள் 50 அடி எட்டும். மிஸ்டி ஸ்டெப் கொண்டுபோகும் தூரமோ 30 அடி. ரோப்பரின் பக்கத்திலிருந்து 30 அடி தள்ளிப் போய் நின்றாலும் நீங்கள் இன்னும் அதன் எட்டும் தூரத்துக்குள்தான். எழுத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால் பிடி முடியவே இல்லை. இழை உங்களோடு சேர்ந்து நீண்டு வந்ததா? ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 விதிகளும் பிடியின் வரம்பைத் தாண்டிய தூரம் என்றே பேசுவதால் இதே வாசிப்பு அங்கேயும் உயிரோடு இருக்கிறது.

நான் இங்கே நான்காம் பதிப்பின் பக்கம். டெலிபோர்ட் ஆகிறவர் நடுவில் உள்ள இடத்தைக் கடப்பதில்லை. இருந்த இடத்தில் இல்லாமல் போகிறார், இன்னொரு இடத்தில் இருக்கிறார். சுற்றியிருந்த இழை காற்றை மட்டுமே இறுக்கும். இப்படித் தீர்ப்புச் சொன்னால் ரோப்பர் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. மறைந்தவர் இன்னும் அதன் வீச்சுக்குள்தான் நிற்கிறார், அடுத்து அதன் ஆட்ட முறை வரும்போது அது நான்கு தடவை இழை வீசலாம். ஒரு ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் ஒரு வாய்ப்பை, செலவழித்து வாங்கியது ஒரு மூச்சு நேரம். அதையாவது கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் வழி பழையது. 2003இன் மூன்றரைப் பதிப்பில் பிடிபட்ட நிலையில் மந்திரம் சொல்ல ஒருமுகச் சோதனை உண்டு. 20ஓடு மந்திரத்தின் லெவலைக் கூட்டிய எண்ணைத் தொட வேண்டும். டைமென்ஷன் டோர் என்ற நீண்ட தூர டெலிபோர்ட் மந்திரம் நான்காம் லெவல், ஆகவே 24. ஏழாம் லெவல் மந்திரவாதி அந்தத் திறமையில் முழுதாக 10 புள்ளி போட்டு, உடல் வலிமையில் இன்னும் 2 சேர்த்து வைத்திருந்தாலும் இருபதுமுகப் பகடையில் 12 விழ வேண்டும். அதாவது 45 சதவீத வாய்ப்பு. கையசைவு தேவைப்படும் மந்திரங்களுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. டைமென்ஷன் டோருக்கு வாய்ச்சொல் மட்டும் போதும் என்பதால்தான் அந்தக் காலத்து மந்திரவாதிகள் அதை உயிர்காப்பாக வைத்திருந்தார்கள். 2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற சகோதர ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை மிகவும் மென்மையாக்கியது. பிடிபட்டவர் கையசைவு வேண்டிய செயலைச் செய்தால் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், இல்லையென்றால் அந்தச் செயல் வீண்.

சோதனை வைப்பதில் நியாயம் இருக்கிறது. மந்திரவாதியின் கழுத்தைப் பிடிக்க உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்த வீரருக்கு அந்தப் பிடி ஏதாவது ஒன்றைத் தர வேண்டும். ஆனாலும் ஐந்தாம் பதிப்பு ஆடுகிற மேசையில் நான் இதைச் சேர்க்க மாட்டேன். அங்கே விலை வேறு வடிவத்தில் ஏற்கெனவே கட்டப்படுகிறது. 2014 விதிப்படி, ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் மிஸ்டி ஸ்டெப் போட்டவர் அந்த முறையில் வேறு பெரிய மந்திரம் போட முடியாது, ஸ்லாட் தேவையில்லாத கேன்ட்ரிப் என்ற சிறு மந்திரம்தான் மிச்சம். 2024 விதிப்படி ஒரு முறையில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்க முடியும். அப்புறம், 30 அடி என்பது சாதாரண வீரர் ஒரு முறையில் ஓடிவரும் தூரம். அவர் ஓடிவந்து மறுபடி பிடிக்கலாம். நிரந்தரமாக வாயை அடைக்க வேண்டும் என்றால் சைலன்ஸ் என்ற இரண்டாம் லெவல் மந்திரம் இருக்கிறது. 20 அடி ஆரத்துக்குள் சத்தமே எழாது. மிஸ்டி ஸ்டெப், டைமென்ஷன் டோர் இரண்டும் வாய்ச்சொல்லை மட்டுமே நம்பியிருப்பவை. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மௌனம் போட, மந்திரவாதி எங்கேயும் போக முடியாது. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற அந்த வேலையை என் குழு கண்டுபிடித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தனியாக ஒரு சோதனை வைத்திருந்தால் அவர்கள் அதைத் தேடியிருக்கவே மாட்டார்கள்.

மூன்றாம் வழி, பிடித்தவரும் இழுபட்டுப் போவது. கதைக்கு இது அழகு. மறையும் வில்லனின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் கோட்டைக்கே போய் இறங்கும் வீரரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் இதை விதியாக வைத்தால் பிடி என்பது டெலிபோர்ட்டுக்கு எதிரான முழுக் கவசமாகிவிடுகிறது. தப்பிக்கச் செலவழித்த மந்திரம் எதிரியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், ஆட்டக்காரர் மிஸ்டி ஸ்டெப் போடும்போது பேயும் கூடவே வரும். அந்த நிமிடத்தில் மேசையில் உள்ள முகங்களைப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

பிடித்திருப்பவர் மறைந்தால்

இதை நீட்ட வேண்டியதில்லை. 2024 விதிகளின் சொல்விளக்கத்தில் டெலிபோர்ட் பற்றி ஒரு தெளிவான வரி வந்துவிட்டது: அணிந்திருப்பதும் சுமப்பதும் கூட வரும், தொட்டுக்கொண்டிருக்கும் உயிரினம் வராது, அந்தச் சக்தியே வேறு மாதிரி சொன்னால் ஒழிய. 2014இல் இப்படிப் பொது விதி இல்லை. ஆனாலும் மாரிலித்தின் குறிப்பைக் கவனமாகப் படித்தால், அது அணிந்த, சுமக்கும் கருவிகளோடு டெலிபோர்ட் ஆகிறது என்றுதான் இருக்கிறது. வாள்வீரர் கருவி இல்லை. நான் செய்த தவறு அங்கேதான்.

டைமென்ஷன் டோர் போன்றவை ஒருவரைக் கூட்டிப் போகலாம், ஆனால் சம்மதம் உள்ளவரை மட்டும். இந்த 'சம்மதம்' என்ற ஒரு சொல்லைத்தான் நான் முழு விஷயத்துக்கும் சாவியாகப் பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் டெலிபோர்ட் என்பது ஆளைக் கடத்தும் ஆயுதமாகிவிடும். எதிரித் தலைவனைத் தொட்டு, 500 அடி உயரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் சண்டையே முடிந்தது. யாராவது ஒருவர் ஒருநாள் அதைக் கேட்பார். மயக்கத்தில் இருக்கும் நண்பர் சம்மதித்தவரா என்ற கேள்வியும் வரும். மூன்றரைப் பதிப்பு மயங்கியவரைச் சம்மதித்தவராகவே எடுத்துக்கொண்டது. நான் நண்பர்களுக்கு மட்டும் அதை ஏற்கிறேன்.

வயிற்றுக்குள்ளிருந்து

விழுங்கப்படுவது பிடிபடுவதன் அடுத்த படி என்று பலர் நினைக்கிறார்கள். பல விலங்குகள் முதலில் பிடித்துத்தான் விழுங்கும் என்பதால் அந்த எண்ணம் இயல்பு. ஆனால் உள்ளே போனதும் நிலைமை வேறு. ஐந்தாம் பதிப்பில் விழுங்கப்பட்டவர் பார்வை இழந்தவர், கட்டுண்டவர், வெளியுலகிலிருந்து முழு மறைப்பில் இருப்பவர். ஒவ்வொரு முறையும் அமிலம் அரிக்கும். 2014 புத்தகத்தின்படி ராட்சதத் தேரைக்குள் சராசரி 10 உயிர்ப்புள்ளி போகும், பர்ப்பிள் வர்ம் என்ற மாபெரும் புழுவுக்குள் 21, டாராஸ்க் என்ற ராட்சத அரக்கனுக்குள் 56. நேரம் இல்லை என்பதுதான் இதன் முழு அர்த்தம்.

இங்கே முடிவு செய்ய வேண்டியது ஒன்றே: பார்வை இல்லாமல் டெலிபோர்ட் ஆக முடியுமா? மிஸ்டி ஸ்டெப் 'உங்களால் பார்க்க முடிகிற' இடத்தைக் கேட்கிறது. வயிற்றுக்குள் எதையும் பார்க்க முடியாது. கறாராகப் பார்த்தால் அது வேலை செய்யாது. இளகிய மனதோடு பார்த்தால், புழு வாயைத் திறக்கும் கணத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிகிறது, போய்விடு எனலாம்.

நான் கறார் பக்கம் நிற்கிறேன், காரணத்தோடுதான். பர்ப்பிள் வர்ம் 15ஆம் சவால் நிலை. விழுங்கும் வேறு விலங்குகளான பெஹிர், ரெமோராஸ் இரண்டும் 11. இவற்றைச் சந்திக்கும் குழுவில் மந்திரவாதி ஏழாம் லெவலைத் தாண்டியிருப்பார், அப்படியென்றால் டைமென்ஷன் டோர் அவருக்கு எட்டும். அதற்குப் பார்வை தேவையில்லை. 'மேலே 100 அடி' என்று திசையும் தூரமும் சொன்னால் போதும், 500 அடி வரை போகலாம். இரண்டாம் லெவல் மந்திரமும் நான்காம் லெவல் மந்திரமும் வயிற்றுக்குள் ஒரே வேலையைச் செய்தால், விலை உயர்ந்ததை ஏன் கற்க வேண்டும்? லெவல் குறைந்த குழுக்கள் சந்திக்கும் ராட்சதத் தேரைக்கு 39 உயிர்ப்புள்ளிதான். வெளியே உள்ள நண்பர்கள் இரண்டு சுற்றில் அதைச் சாய்த்துவிட்டால் உள்ளே இருப்பவர் ஐந்தடி நகர்வில் வெளியே வந்துவிடலாம். கறாராக இருப்பதால் யாரும் அநியாயமாகச் சாவதில்லை.

கறாருக்குள்ளேயே ஒரு சந்து உண்டு. அதைக் கண்டுபிடித்த ஆட்டக்காரரை நான் மனதார வாழ்த்தினேன். துணைப் பிராணியை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரம் மூலம் ஒரு ஆந்தையை வைத்திருக்கும் மந்திரவாதி, 2014 விதிப்படி தன் ஆக்‌ஷனைச் செலவழித்து அந்த ஆந்தையின் கண் வழியே பார்க்கலாம். அடுத்த முறை தொடங்கும் வரை அந்தப் பார்வை இருக்கும். அதே முறையில் போனஸ் ஆக்‌ஷனில் மிஸ்டி ஸ்டெப். ஆந்தை வெளியே பறந்துகொண்டிருக்கிறது, அவர் பார்ப்பது 30 அடிக்குள் ஒரு காலி இடம், ஆகவே அவரால் பார்க்க முடிகிற இடம். முழு முறையையும் கொடுத்துத்தான் இதை வாங்குகிறார், அதனால் தாராளமாக விடலாம். 2024இல் ஆந்தையின் கண் வழியே பார்ப்பதும் போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டதால் இரண்டையும் ஒரே முறையில் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள் என்பதை இந்த ஒரு இடத்தில் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமென்ஷன் டோருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. புழு மண்ணுக்குள் முறைக்கு 30 அடி தோண்டிப் போகும். விழுங்கப்பட்டு மூன்று முறை ஆனவருக்குத் தான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. 2014 விதிப்படி போய்ச் சேரும் இடம் பாறையாக இருந்தால் நான்கு ஆறுமுகப் பகடை அளவு அடி விழும், மந்திரமும் வீணாகும், அவர் வயிற்றிலேயே இருப்பார். நான் இங்கே ஆட்டக்காரரிடம் ஒளிப்பதில்லை. "எவ்வளவு தூரம், எந்தத் திசை?" என்று கேட்டுவிட்டு, அவர் விழுங்கப்பட்டபின் புழு நகர்ந்ததா என்பதை மட்டும் நினைவூட்டுவேன். ஒரு அடி குறைவாகச் சொன்னார் என்று கொல்வது விளையாட்டு இல்லை.

நல்ல செய்தி ஒன்று. ஐந்தடிக்குள் இருக்கும் சம்மதித்த ஒருவரை, தன் உருவ அளவு அல்லது அதைவிடச் சிறியவராக இருந்தால், டைமென்ஷன் டோர் கூட்டிப் போகும். அவரைப் பார்க்க வேண்டும் என்றில்லை. ஒரே வயிற்றில் இரண்டு பேர் கிடந்தால் இரண்டு பேரும் தப்பலாம். இன்னொன்று, மந்திரத்தை முறிக்கும் கவுண்ட்டர்ஸ்பெல் போட எதிரி மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் சொன்ன மந்திரத்தை வெளியே யாரும் பார்க்க முடியாது. அந்த ஒரு விதத்தில் புழுவின் வயிறுதான் போர்க்களத்தின் பாதுகாப்பான மூலை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. விழுங்கப்பட்டவர் பிடிபட்டவரும்கூட, மூன்று செயல்களில் ஒன்றை இழந்தவரும்கூட. மீதி இரண்டு. அங்கே டைமென்ஷன் டோர் மந்திரத்துக்குச் சரியாக இரண்டு செயல்கள் வேண்டும். வாய் திறந்து மந்திரம் சொன்னால் பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் போய்விடும். கையசைவுக்கு 5 விழ வேண்டும். நான்காம் நிலையில் இடத்தைப் பார்க்கவும் வேண்டும். ஐந்தாம் நிலையில் போட்டால் ஒரு மைலுக்குள் முன்பு போன இடமாக இருந்து, அதன் திசையும் தூரமும் தெரிந்தால் பார்க்காமலே போகலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பணயம் வைக்கிற அந்த முறை, நான் பார்த்த வரை இந்த எல்லா விதிகளிலும் பதற்றம் மிகுந்தது. அதை யாரும் இளக்க வேண்டாம்.

விழுங்கியதே மறைந்தால்

உண்மையான சண்டை இங்கேதான். உள்ளே இருப்பவர் கூடவே போகிறாரா, இருந்த இடத்தில் விழுகிறாரா, மந்திரமே தோற்கிறதா?

கூடவே போகிறார் என்பதற்கு உடனே தோன்றும் காரணம், வயிறு ஒரு பை. பையைத் தூக்கிக்கொண்டு போனால் பையில் இருப்பது வரும். பேக் ஆஃப் ஹோல்டிங்குக்குள் ஒரு கோழியைப் போட்டுவிட்டு மிஸ்டி ஸ்டெப் போட்டால் கோழியும் வருவதை ஐந்தாம் பதிப்பு மேசைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. அப்படியென்றால் தேரையின் வயிற்றில் உள்ள வீரர் ஏன் வரக்கூடாது?

இந்தத் தீர்ப்பை நான் சில மாதங்கள் ஆடிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் உடைந்தது. முதலாவது, ஆட்டக்காரர்களே அதை வளைத்தார்கள். ராட்சதத் தவளை நடுத்தர உருவம், தான் பிடித்திருக்கும் சிறிய உருவ எதிரியை விழுங்கும். ஒருவர் தவளையாக உருமாறுகிறார், கோப்ளின் தலைவனை விழுங்குகிறார், மந்திரவாதி டைமென்ஷன் டோரில் சம்மதித்த தவளையைக் கூட்டிப் போகிறார். கோப்ளினுக்குச் சம்மதம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சம்மதம் என்ற வேலியைத் தவளையின் வயிறு வழியாகத் தாண்டிவிட்டார்கள். இரண்டாவது இதைவிட மோசம். நான் உருவாக்கிய மறையும் விலங்கு ஒன்று ஒருவரை விழுங்கிவிட்டு ஒரு மலைக்கு அப்பால் போய்விட்டது. உள்ளே இருந்தவருக்கு ஒவ்வொரு முறையும் 21 உயிர்ப்புள்ளி போனது, நண்பர்கள் யாரும் எட்டாத தூரம். அவர் ஒரு மணி நேரம் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். விதி சரியாக இருந்தது, மாலை பாழானது.

மந்திரமே தோற்கும் என்பது பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் வழி. அதன் டைமென்ஷன் டோர் மந்திரத்திலேயே எழுதியிருக்கிறது: இன்னொரு உயிரினம் கூட வருவதாக இருந்தால், அது வேற்றுவெளிப் பைக்குள் இருந்தாலும்கூட, மந்திரம் இழக்கப்படும். சுத்தமான விதி, வாதத்துக்கு இடமில்லை. இதில் ஒரு மறைமுக அழகும் உண்டு. விழுங்கப்பட்டவர் விலங்கின் கால்கட்டாகிறார். அவர் உள்ளே இருக்கும் வரை அது தப்ப முடியாது. தன்னையே இரையாகக் கொடுத்து அரக்கனை நிறுத்தி வைக்கும் வீரர் என்பது நல்ல கதை. ஆனால் அது அந்த மந்திரத்தின் விதி, ஐந்தாம் பதிப்பில் பல விலங்குகளுக்கு மந்திரமாக இல்லாமல் பிறவிச் சக்தியாகவே டெலிபோர்ட் இருக்கிறது. வயிற்றில் ஒரு எலி இருந்தாலும் அது மறைய முடியாது என்று ஆகிவிடும். எந்த வேட்டை விலங்கின் வயிறும் எப்போதும் காலியாக இருக்காது.

விழுகிறார் என்பது 2024 வரியை அப்படியே நீட்டினால் வரும் முடிவு. தொட்டுக்கொண்டிருக்கும் உயிரினம் வராது என்றால் வயிற்றுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பவரும் வர மாட்டார். விலங்கு மறைகிறது, அது இருந்த இடத்தில் அமிலம் சொட்டச் சொட்ட ஒருவர் தரையில் விழுகிறார். இதற்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், காப்பாற்றுவது ரொம்பச் சுலபமாகிவிடும் என்பது. நண்பர் வெளியே நின்று அடுத்தவரை இடம் மாற்றும் வோர்டெக்ஸ் வார்ப் மந்திரம் போட்டு புழுவையே வேறிடத்துக்குத் தள்ளினால் உள்ளே இருப்பவர் விடுதலை, அதுவும் இரண்டாம் லெவல் ஸ்லாட்டில். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11ஆம் லெவல் மந்திரவாதியின் டிசி, அதாவது அவர் மந்திரத்தைத் தாங்க எதிரி தொட வேண்டிய எண், 17 என்று வைத்துக்கொள்வோம். பர்ப்பிள் வர்மின் உடல் வலிமைச் சேவ், அதாவது தாங்கும் சோதனை, பகடையோடு கூட்டல் 11. பகடையில் 1 முதல் 5 வரை விழுந்தால்தான் அது தோற்கும், அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. உள்ளேயிருந்து ஒரே முறையில் 30 உயிர்ப்புள்ளி போகும்படி அடித்தால் அது டிசி 21 சேவ் போட வேண்டும், அங்கே தோல்வி வாய்ப்பு 45 சதவீதம். ஆக வயிற்றைக் கிழிப்பதுதான் இன்னும் நல்ல வழி. பெஹிரிடம் வோர்டெக்ஸ் வார்ப் ஐந்தில் மூன்று முறை வெல்லும் என்பது உண்மை. இருக்கட்டும். கூட்டாளியைக் காப்பாற்ற ஒருவர் தன் முறையையும் ஸ்லாட்டையும் கொடுத்திருக்கிறார், அது வெல்வதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளே இருப்பவர் மேலேயே அதைப் போட முடியாது என்பதையும் கவனியுங்கள். பார்க்க முடிகிறவர் மேல்தான் அது விழும், அவரோ முழு மறைப்பில் இருக்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கோரமானது. உயிரோடு இருப்பவர் விழுவார், செத்த ஆடு கூடவே போகும் என்றால், உள்ளே இருப்பவர் இறந்த நொடியில் பொருளாகிக் கூடவே போய்விடுவாரா? ஆமாம். எனக்கு அதில் தடுமாற்றம் இல்லை. மந்திரம் மதிக்கிற ஒன்று உயிருள்ளவரின் விருப்பம் என்றால், விருப்பம் முடிந்த இடத்தில் அந்த மதிப்பும் முடியும்.

இதிலிருந்துதான் என் இப்போதைய தீர்ப்பு வந்தது. விழுங்கிய விலங்கு மறையும்போது உள்ளே இருப்பவரிடம் கேட்கிறேன்: "கூடப் போகிறீர்களா, இங்கேயே விழுகிறீர்களா?" வயிறு அவரைச் சுமக்கிறது, ஆகவே போக வழி இருக்கிறது. அவர் உயிருள்ளவர், ஆகவே இழுத்துப் போக முடியாது. சம்மதித்தால் போகிறார். மறுத்தால் அந்த இடத்திலேயே விழுந்து கிடக்கிறார். ஆட்டக்காரர் விழுங்கிய எதிரிக்கும் இதே கேள்விதான், பதிலை நான் சொல்வேன். கோப்ளின் தலைவன் ஒருபோதும் சம்மதிக்க மாட்டான், தவளைத் தந்திரம் அத்தோடு முடிந்தது. இது எந்தப் புத்தகத்திலும் உள்ள விதி இல்லை, என் மேசையின் விதி. 2024இன் வரியை வரி பிசகாமல் பின்பற்ற விரும்புகிறவர்கள் கேள்வியை விட்டுவிட்டு, எப்போதும் விழுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நன்றாகவே ஓடும்.

ஒரு விலங்குக்கு மட்டும் கேள்வி கிடையாது. ஆஸ்ட்ரல் ட்ரெட்நாட் என்ற வேற்றுவெளிப் பிராணி விழுங்கினால் இரை அதன் வயிற்றுக்குப் போவதில்லை, ஒரு தனிச் சிற்றுலகத்துக்குப் போகிறது. கற்குகை போன்ற, ஏறக்குறைய 1,000 அடி அகலமான இடம். அங்கிருந்து வெளியேற ப்ளேன் ஷிஃப்ட் போன்ற உலகம் கடக்கும் மந்திரம் வேண்டும், டைமென்ஷன் டோர் உதவாது. அந்தப் பிராணி எங்கே மறைந்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அவர் அதன் உடலுக்குள் இல்லவே இல்லை. பேக் ஆஃப் ஹோல்டிங்கும் இதே வகைதான், கோழி வருவதற்குக் காரணம் அது பைக்குள் இல்லாமல் பை திறக்கும் வேறொரு இடத்தில் இருப்பது. பையையும் வயிற்றையும் ஒன்றாகப் பார்த்ததில்தான் பழைய தீர்ப்பு எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

புதிய தீர்ப்பை முதல் முறை பயன்படுத்தியபோது, அந்தப் பழைய மறையும் விலங்கையே திரும்பக் கொண்டுவந்தேன். மாரிலித்திடம் மாட்டிய அதே வாள்வீரரை அது விழுங்கியது. இரண்டு முறை அமிலம் அரித்தது, உயிர்ப்புள்ளி 30க்குக் கீழே. அது மறையப் போகிறது என்று சொல்லிக் கேள்வியைக் கேட்டேன். மேசை முழுக்க "விழு, விழு" என்றது. அவர் கொஞ்ச நேரம் தன் தாளைப் பார்த்தார். காணாமல்போன தங்கையைத் தேடித்தான் அவர் இந்தக் கதைக்கே வந்திருந்தார், அந்த விலங்கு எங்கே திரும்பிப் போகிறதோ அங்கேதான் அவள் இருக்க வேண்டும்.

"போகிறேன்" என்றார்.